கெட்டால் நோட்டு

கரட்டுப்பட்டி,
16-5-1988

பேத்தி ராமுத்தாய்க்கு அம்மாச்சி வெள்ளையம்மாள் எழுதுவது. இங்கே நானும் இரண்டு ஆடும் சுகம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருக்க முத்தாலம்மன் துணை.

நீ வந்து போய் எட்டு நாளாகிறது. அன்றைக்கு நம் வீட்டில் இருந்தவர்கள் நான், உன் சின்னம்மா சின்னத்தாய், உன் மாமன் ஒச்சப்பன், அவன் பெண்டாட்டி பேச்சியம்மாள், பக்கத்து வீட்டுக் குருவம்மாள், உன் வீட்டுக்காரர் அழகுமலை. குருவம்மாளை யாரும் கூப்பிடவில்லை, ஆனாலும் இருந்தாள். திருப்பூரில் சொந்தப் பொறுப்பில் பனியன் தைக்கும் ஷெட் நடத்தப் போகிறேன் என்று நீ சொன்னாய். ஒச்சப்பன் "ஜமாய்ச்சுருவோம்" என்றான். பேச்சியம்மாள் தன் மகனுக்கு நாலு பனியன் கேட்டாள். சின்னத்தாய் அழுதாள். குருவம்மாள், "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை" என்றாள். மாப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தார்.

அப்போது நீ, "இதுல என்னென்ன கெட்டுப்போகும்? ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க" என்று நோட்டைத் திறந்தாய். எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "ஏண்டி, நல்ல காரியம் பேசுறப்ப ஒன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று நான்தான் முதலில் சத்தம் போட்டேன். அதற்காக நீ சோறு உண்ணாமல் பஸ் ஏறினாய். அது எனக்கு மறக்காது. கருவாட்டுக் குழம்பு முழுக்கக் குருவம்மாள் வீட்டுக்குப் போனது. அதுவும் மறக்காது.

அந்த நோட்டில் என்னதான் எழுதுகிறாய் என்று விவரமாக எழுது.

வெள்ளையம்மாள்

---

வீரபாண்டி, திருப்பூர்,
29-5-1988

என் அம்மாச்சிக்கு ராமுத்தாய் கும்பிட்டு எழுதுவது. நாங்கள் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இவர் கொடுத்த தைலத்தைப் போட்டாயா, இல்லை இவர் கொடுத்தது என்பதால் ஆட்டுக்குத் தடவினாயா?

நோட்டின் அட்டையில் "கெட்டால்" என்று எழுதியிருக்கிறேன். இடது பக்கம் என்ன கெடும், வலது பக்கம் கெட்டால் என்ன செய்வது. அவ்வளவுதான். முதல் பக்கத்தில் நான் பிள்ளையார் சுழி போட்டபோது இவர், "கெட்டதுக்குமா சுழி?" என்று கேட்டுச் சிரித்தார்.

பதினாறு வயதில் நான் வந்து உட்கார்ந்த கம்பெனியின் முதலாளி பொங்கியண்ணனை உனக்குச் சொல்லியிருக்கிறேன். வீரபாண்டியில் அவருக்குப் பத்து மிஷின் போட்ட ஷெட் ஒன்று சும்மா கிடக்கிறது. அதைக் கேட்டேன். "ஏனுங்க ராமுத்தா, தைக்கறது வேற, தைக்க வெக்கறது வேறங்க. ஒரு ஆர்டர் தர்றேன். தேதிக்கு முடிச்சுக் குடுத்துட்டீங்கன்னா ஷெட்டு உங்க பொறுப்புல ஓடட்டும். தேதி தப்புச்சுன்னா பழையபடி வந்து மிஷின்ல உக்காந்துக்குங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் பத்து வருஷம் குனிந்து தைத்த கழுத்துக்கு, மறுபடி போய் உட்காருவது என்றால் என்னவென்று எனக்குத்தான் தெரியும். எனக்குக் கிடைப்பது இந்த ஒரு வாய்ப்புதான் அம்மாச்சி.

ஆட்கள் பன்னிரண்டு பேர் வேண்டும். ஒன்பது பேர் நம் ஊர்க்காரர்கள். நம் ஆட்கள் என்றால் பாதியில் விட்டுவிட்டுப் போகமாட்டார்கள்.

நோட்டில் இதுவரை ஏழு பக்கம். கரண்ட் போனால், மழை பிடித்தால், சாயப்பட்டறையிலிருந்து துணி தாமதித்தால், நிறம் மாறி வந்தால் என்று போகிறது. உனக்குத்தான் எதைப் பார்த்தாலும் அதில் கெட்டது முதலில் தெரியும். கோபப்படாமல் எழுது.

உன் ராமுத்தாய்

---

கரட்டுப்பட்டி,
20-6-1988

ராமுத்தாய்க்கு அம்மாச்சியின் ஆசீர்வாதம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. தைலத்தை நான்தான் போட்டுக்கொண்டேன், ஆடு அதை மோந்துகூடப் பார்க்கவில்லை.

நீ கேட்டதால் சொல்கிறேன். மூன்று முறை துப்பிவிட்டு இந்தக் காகிதத்தைப் படி.

ஒன்று, உன் வீட்டுக்காரர். கல்யாணத்தன்று முகூர்த்தத்துக்கு அரை நாழிகை முன்னால் அவரை முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். தெளித்தது நான். விடிகாலை வேலை எதையும் அவரை நம்பி விடாதே.

இரண்டு, ஒச்சப்பன். உன் அம்மா கல்யாணத்துக்குப் பந்தல் கம்பு கொண்டுவருகிறேன் என்று சொன்னவன் மறுநாள் கொண்டுவந்தான். அவன் "வந்துர்றேன்" என்றால் நோட்டில் எழுது.

மூன்று, பஸ். எண்பத்து நாலில் நான் உன்னைப் பார்க்க வந்தபோது ஒட்டன்சத்திரத்தில் நின்று போய், அடுத்த பஸ் வரும்வரை வெயிலில் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் தாடிக்காரர். கண்ணில் பட்டால் இப்போதும் அடையாளம் சொல்வேன்.

நான்கு, எலி. துணி இருக்கும் இடத்துக்கு எலி வரும். என் கூரைப்புடவையின் முந்தி எலிக்குத்தான் போனது. பெட்டியை மூடாமல் வைத்தது பேச்சியம்மாள்.

ஐந்து, கண். குருவம்மாள் மாதிரி யாராவது வந்து "அடேயப்பா எம்புட்டுத் துணி" என்று சொன்னால் உடனே ஒரு பனியனைத் தரையில் போட்டு மிதித்துவிட்டு எடு.

இன்னும் இருக்கிறது. காகிதம் முடிந்தது.

வெள்ளையம்மாள்

---

வீரபாண்டி,
17-7-1988

அம்மாச்சிக்கு, வணக்கமும் நிறையச் சிரிப்பும். நாங்கள் நலம். உன் கடிதத்தை ஷெட்டில் உரக்கப் படித்தேன். இவர் எழுந்து போய்விட்டார். ஆனால் அடுத்த நாள் நான்கரை மணிக்கு எனக்கு முன்னால் எழுந்து டீ போட்டு வைத்திருந்தார்.

எலியை நான் நினைக்கவே இல்லை. அதற்கு ஒரு பக்கம் எழுதி, எதிரே "பூனை" என்று எழுதினேன். பக்கத்து வீட்டுச் சாமியாத்தாள் இந்த ஊர்க்காரம்மா, நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங் கண்ணு, பூனையுமா ஆர்டருக்கு வேணும்? எங்கூட்டுலயே மூணு கெடக்குது, ஒண்ணப் புடிச்சுட்டுப் போ" என்றார். பிடித்து வந்துவிட்டோம். பழைய துணி மூட்டைமேலேயே தூங்குகிறது.

பொங்கியண்ணன் தேதியை முடிவு செய்துவிட்டார். அக்டோபர் 1 தொடக்கம். அக்டோபர் 25 செவ்வாய்க்கிழமை மாலை பத்தாயிரம் பனியனும் லாரி ஏற வேண்டும். தீபாவளி நவம்பர் எட்டு என்பதால் அது குறுக்கே வராது. ஊர் ஊராக யார் யாருக்கு என்ன விசேஷம் என்று கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். நம் ஊர் முத்தாலம்மன் பொங்கல்தான் சந்தேகம். தகராறில் நின்று ஆறு வருஷமாக நாள் குறித்துச் சாட்டவில்லையே, அதனால் அதற்குப் பக்கம் போடவில்லை. இந்த வருஷம் சாட்டுவதாகப் பேச்சு ஏதும் உண்டா? காப்புக் கட்டிவிட்டால் ஊருக்குள் இருக்கிறவர்கள் பொங்கல் முடியும்வரை எல்லை தாண்டி இரவு தங்க முடியாது. அதனால்தான் கேட்கிறேன். மறக்காமல் எழுது.

ராமுத்தாய்

---

கரட்டுப்பட்டி,
2-8-1988

ராமுத்தாய்க்கு, அம்மாச்சி நலம். சின்னத்தாய்க்கு மூன்று நாள் காய்ச்சல், இப்போது எழுந்து கஞ்சி குடிக்கிறாள்.

பூனை கருப்பா, செவலையா என்று நீ எழுதவில்லை. கருப்பு என்றால் காலையில் ஷெட்டைத் திறக்கும்போது அதை முன்னால் விடாதே. மாப்பிள்ளை டீ போட்டதைப் பாராட்டி எழுதியிருக்கிறாய். ஒரு நாள் போட்டதுக்கு ஒன்றும் சொல்ல முடியாது. சாமியாத்தாள் நல்ல பொம்பளையாகத் தெரிகிறது, என்றாலும் பூனை கொடுத்தவள் நாளைக்குப் பால் கேட்பாள். மழை இங்கே இல்லை. ஒரு ஆடு குட்டி போட்டது, கிடாய். ஒச்சப்பன் வேலி கட்ட வருகிறேன் என்றான், இன்னும் வரவில்லை.

தெருவில் மொக்கைச்சாமி எதிரே வந்தான். கோயில் பெரியவன் என்று இன்னும் அதே மிதப்பு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் நம் வீட்டு முதல் முளைப்பாரியைப் பிடுங்கித் தன் மாமனார் வீட்டுக்குக் கொடுத்தவன். கோயிலுக்குப் போகும் வரிசையில் முதலில் போன வீடு அன்றிலிருந்து பின்னால் போகிறது.

நீ கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டேன்.

வெள்ளையம்மாள்

---

வீரபாண்டி,
28-8-1988

அம்மாச்சிக்கு, ராமுத்தாய் அநேக கும்பிடு. சின்னம்மாவுக்கு உடம்பு தேறியதா? பூனை சாம்பல் நிறம்.

இங்கே பக்கத்துக் கம்பெனியில் ஒருவருக்கு அம்மை போட்டது. மறுநாள் மூன்று பேர். கம்பெனியைப் பத்து நாள் பூட்டிவிட்டார்கள். அன்று இரவே அதற்கு ஒரு பக்கம் எழுதினேன். இடது பக்கம் எழுதுவது சுலபம். வலது பக்கம் இரண்டு நாள் காலியாகக் கிடந்தது. பிறகு சாமியாத்தாளிடம் போய், "தையல் கத்துக்க நாலு பேர் கிடைப்பாங்களா?" என்று கேட்டேன். மயிலாள், குப்பாயி, இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள். எல்லாரும் இந்தத் தெருவிலேயே வீடு. தினம் மத்தியானம் வந்து பழகுகிறார்கள். மயிலாளுக்குக் கை ஓடுகிறது. குப்பாயி மிஷினை மிதித்ததும் கண்ணை மூடிக்கொள்கிறார். "கண்ணத் தொறங்க அக்கா" என்றால், "தொறந்தா பயமா இருக்குதுங் கண்ணு" என்கிறார்.

"வராத நோய்க்கு நாலு பேருக்கு வேலை சொல்லிக் குடுக்கற" என்று இவர் கேலி செய்கிறார்.

ஊர்ப் பொங்கலைப் பற்றி நீ எழுதவில்லை. இல்லை என்பதால்தான் எழுதவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ராமுத்தாய்

---

வீரபாண்டி,
25-9-1988

அம்மாச்சிக்கு,

ஏன் கடிதமே இல்லை? எட்டு வாரமாகிறது. உடம்புக்கு முடியவில்லையா? சின்னம்மாவுக்கு எழுதினேன், அவரும் பதில் போடவில்லை. நம் ஊர்ப் பையன்களைக் கேட்டால் "நல்லாத்தான் இருப்பாக" என்கிறார்கள்.

இன்னும் ஆறு நாளில் தொடக்கம். துணி வந்துவிட்டது, நிறம் சரியாக இருக்கிறது. ஜெனரேட்டருக்குச் சொல்லி வைத்தாயிற்று. நோட்டில் முப்பத்தொரு பக்கம் ஆகிவிட்டது. நேற்று முப்பத்திரண்டாவது எழுதினேன். "அம்மாச்சிக்கு உடம்புக்கு ஆகாவிட்டால்." எதிரே என்ன எழுதுவது என்று ரொம்ப நேரம் தெரியவில்லை. யாரை அனுப்பலாம், எந்த பஸ், எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, "போட்டது போட்டபடி நானே போவேன்" என்று எழுதினேன். இவரிடமும் சொல்லிவிட்டேன். ஆர்டர் போனாலும் சரி என்று இவரும் சொல்லிவிட்டார்.

நாலு வரி எழுது. கார்டு போதும்.

ராமுத்தாய்

---

வீரபாண்டி,
10-10-1988

அம்மாச்சிக்கு,

நீ சுகமாகத்தான் இருக்கிறாய். எனக்குத் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை தபாலில் ஒன்பது கார்டு வந்தது. ஆளுக்கு ஒன்று. "முத்தாலம்மன் பொங்கல் சாட்டியாச்சு. 11-ஆம் தேதி செவ்வாய் காப்புக் கட்டு. அதுக்கு முன்னால் ஊர் வந்து சேரவும். வராவிட்டால் ஆத்தா குத்தம்." ஒன்பதும் ஒரே பேனா. "ஊ" போடும்போது கொம்பை எப்போதும் தள்ளித் தள்ளிப் போடுவாயே, ஒன்பதிலும் அப்படித்தான் இருக்கிறது. எனக்கு நாலு வரி எழுதக் கையில்லாத அம்மாச்சி ஒன்பது கார்டு எழுதியிருக்கிறாய்.

நேற்று இரவு ஒன்பது பேரும் பஸ் ஏறிவிட்டார்கள். நான் தடுக்கவில்லை. ஆத்தா குத்தம் என்று எழுதியிருக்கும்போது எப்படித் தடுப்பது? மூத்தவன் தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சுக்கக்கா, ஒங்க அம்மாச்சியே எழுதியிருக்காகளே, ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சோம்" என்றான். எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

நாளை காப்பு. பொங்கல் 18, 19. இருபதாம் தேதிக்கு முன்னால் அவர்கள் வர முடியாது. லாரி 25-இல். மூவாயிரத்து நானூறு தைத்திருக்கிறோம். மீதி ஆறாயிரத்து அறுநூறுக்கு நானும், இவரும், மூன்று ஆட்களும், அம்மைக்காகப் பழக்கிய நாலு பெண்களும். அம்மைக்கென்று பழக்கினேன், அம்மனுக்கு உதவுகிறார்கள். பொங்கியண்ணன் வந்து காலி மிஷின்களைப் பார்த்தார். "நோட்டுல இது இல்லீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இல்லை. நான் உன்னிடம் கேட்டேன் அம்மாச்சி. ஜூலையில் கேட்டேன். நீ பூனையின் நிறத்தைக் கேட்டாய்.

ராமுத்தாய்

---

கரட்டுப்பட்டி,
15-10-1988, காலை

ராமுத்தாய்க்கு,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. இதைக் கொண்டுவருகிறவர்கள் ஒன்பது பேர். ஆத்தாவிடம் பூக் கேட்டு உத்தரவு வாங்கித்தான் எல்லையைத் தாண்டுகிறார்கள். குத்தம் இல்லை. அவர்களைத் திட்டாதே, வந்ததும் சோறு போடு. வழியில் வாங்கிச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

மற்றதைப் பிறகு எழுதுகிறேன். பஸ் நிற்கிறது.

வெள்ளையம்மாள்

---

வீரபாண்டி,
30-10-1988

அம்மாச்சிக்கு ராமுத்தாய் வணக்கம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

லாரி 25-ஆம் தேதி சாயங்காலம் ஆறே முக்காலுக்குப் புறப்பட்டது. ஆறு நாள் போனதைப் பத்து நாளில் பிடித்தோம். கடைசி மூன்று நாள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. குப்பாயி அக்கா இப்போது கண்ணைத் திறந்துகொண்டு தைக்கிறார். கடைசிப் பெட்டியைக் கட்டும்போது பொங்கியண்ணன் வந்து நின்றார். கையில் சாவி. "இந்தாங்க ராமுத்தா. சாவி ஒண்ணுதானுங்க இருக்குது, தொலச்சுப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஆர்டர் வந்துவிட்டது, அதனால் தீபாவளிக்கு வர முடியாது.

நான் கோபமாகத்தான் இருந்தேன். இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் தெரியாமலும் இருக்க முடியவில்லை. மொக்கைச்சாமித் தாத்தா எப்படி விட்டார்? ஒன்பது பேரையும் துருவித் துருவிக் கேட்டேன். "ஒங்க அம்மாச்சி அவுக வீட்டுக்குப் போனாக" என்றுதான் சொல்கிறார்கள், அதற்குமேல் வாய் திறக்கவில்லை. நீ அந்தத் தெருவுக்கே போகமாட்டாயே.

நோட்டில் முப்பத்து மூன்றாவது பக்கம் எழுதியிருக்கிறேன். இடது பக்கம் "அம்மாச்சி சொல்லாமல் விட்டால்". வலது பக்கம் "பஸ் ஏறி நேரில் போய்க் கேள்".

ராமுத்தாய்

---

கரட்டுப்பட்டி,
14-11-1988

ராமுத்தாய்க்கு அம்மாச்சி எழுதுவது. தீபாவளிக்கு நீ அனுப்பிய சேலை வந்தது. முழங்காலில் வீக்கம் வடிந்திருக்கிறது. சாவியை முந்தியில் முடியாதே, இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொள்.

மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. நடந்ததை எழுதுகிறேன்.

ஜூலைக் கடைசியில் ஊர்க் கூட்டம் போட்டார்கள். ஆறு வருஷப் பகையை விட்டுவிட்டு இந்த ஐப்பசியில் பொங்கல் வைப்பது என்று முடிவானது. தேதி சொல்லிவிட்டு மொக்கைச்சாமி, "யாருக்காச்சும் இந்தத் தேதி ஆகாதா? இப்பயே சொல்லிருங்க" என்று கேட்டான். உன் கடிதம் என் இடுப்பில்தான் இருந்தது. நான் சும்மா இருந்தேன். அவனிடம் வாய் திறந்து ஒன்றைக் கேட்பதா என்று இருந்தேன்.

அது பாதிதான். மீதியையும் எழுதிவிடுகிறேன். இந்த வருஷம் நம் வீட்டு முளைப்பாரியைச் சின்னத்தாய் தலையில் ஏற்றி, கேட்காமல் கொள்ளாமல் வரிசையின் முதலில் கொண்டுபோய் நிறுத்துவது என்று முடிவு செய்திருந்தேன். மொக்கைச்சாமி மறிப்பான். மறித்தால் பின்னால் ஆள் நிற்க வேண்டாமா? நம் பக்கத்து இளவட்டம் ஒன்பது பேரும் உன்னிடம் இருந்தார்கள். அதனால்தான் கார்டு போட்டேன். காப்புக் கட்டும் நேரத்தில் ஊருக்குள் இல்லாதவனை அந்தக் கட்டு கட்டாது. பதினெட்டாம் தேதி காலையில் வந்து பொங்கலைப் பார்த்துவிட்டு மறுநாள் திரும்பியிருக்கலாம், உனக்கு இரண்டே நாள்தான் போயிருக்கும். அது எனக்குத் தெரியும். கார்டில் அதை எழுதாமல், காப்புக்கு முன்னால் வா என்று எழுதினேன். முந்தியே வந்தால்தானே பேசி வைத்துக்கொள்ள முடியும். சின்னத்தாயையும் உனக்கு எழுதவிடவில்லை. அவள் மேல் வருத்தப்படாதே.

கார்டைப் பார்த்து நீ எழுதிய கடிதம் வந்தபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் எழுத்தைக் குறை சொல்லியிருந்தாய். பிறகு அதற்கு முந்தைய கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். நான் படுத்துவிட்டால் போட்டது போட்டபடி வருவேன் என்று எழுதியிருந்தாயே, அது. அப்படியே எழுந்து போனேன். செருப்புப் போடவும் மறந்துவிட்டேன்.

மொக்கைச்சாமி வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தான். இப்போது பல் இல்லை.

"யாரு, வெள்ளையம்மா மதினியா? உள்ள வாங்க மதினி" என்றான்.

"உள்ள வரலை. ஒரு வார்த்தை கேக்க வந்தேன்."

"நின்னுக்கிட்டே கேக்குற வார்த்தையா?"

"அந்த ஒன்பது பேரையும் விடணும். எம் பேத்தி பொழப்புப் போயிரும். வரச்சொல்லி எழுதுனது நாந்தான்."

உலக்கையைக் கீழே வைத்தான். "கூட்டத்துல கேட்டனே மதினி. ஒங்க மொகத்தப் பாத்துத்தான கேட்டேன்."

"கேட்டீக. நான் சொல்லலை."

"சொல்லியிருந்தா பத்து நாள் தள்ளி வச்சிருப்பமே" என்றான். அதற்குமேல் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நான் கொண்டுபோயிருந்த வார்த்தை எல்லாம் என் வாய்க்குள்ளேயே கிடந்தது.

அன்று சாயங்காலமே கோயிலில் பூக் கேட்டோம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் உத்தரவு. பூசாரி மகள் எடுத்துக் கொடுத்தாள், வெள்ளை வந்தது. இரண்டு பொட்டலத்திலும் மொக்கைச்சாமி வெள்ளையைத்தான் கட்டியிருப்பான் என்று எனக்குச் சந்தேகம். மற்றதைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். "ஆத்தா சொன்னதுக்கு மேல என்ன மதினி பாக்குறது" என்று மடியில் செருகிக்கொண்டான்.

திரும்பும்போது பின்னாலேயே வந்து, "மொதல் முளப்பாரி ஒங்க வீட்டுதுதான? சின்னத்தாய நேரத்தோட வரச்சொல்லுங்க" என்றான். நான் அதைக் கேட்கவே இல்லை. அவனே சொன்னான். "அண்ணன் எறந்த வருசம் ஒங்க வீடு தீட்டு வீடு. யாராச்சும் எடுக்கணுமேன்னு எங்க மாமனார் வீட்டுக்குக் குடுத்தேன். மறு வருசம் நீங்க வந்து கேப்பீகன்னு பாத்தேன். வரவே இல்ல. வேணாம்போலன்னு விட்டுட்டேன்."

உன் தாத்தா இறந்தது ஐம்பத்தேழில். மறு வருஷம் அவன் வந்து கூப்பிடுவான் என்று நான் புதுச் சட்டி வாங்கி வைத்துக்கொண்டு இருந்தேன்.

பொங்கல் நடந்தது. சின்னத்தாய் முதலில் போனாள். பின்னால் நானும் குருவம்மாளும்தான். யாரும் மறிக்கவில்லை. குருவம்மாள் ஒரு வார்த்தை பேசாமல் கூடவே நடந்து வந்தாள், அதனால் கருவாட்டுக் குழம்பை விட்டுவிட்டேன். ஒச்சப்பன் சொன்ன நாளில் வந்து பந்தல் போட்டான், அவனையும் விட்டேன். கூரைப்புடவை எப்படியும் நைந்திருக்கும், பேச்சியம்மாளையும் விட்டேன். மாப்பிள்ளையிடம் சொல், கல்யாணத்தில் தூங்கியதை இனிமேல் நான் எடுக்கமாட்டேன். ஒட்டன்சத்திரம் பஸ் டிரைவரும் பிழைத்துப் போகட்டும்.

ஒருவனை மட்டும் என்னால் முடியவில்லை. கேட்டதைக் கொடுத்தான், கேட்காததையும் கொடுத்தான். முப்பத்தொரு வருஷத்தில் எந்த நாள் போய்க் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பானாம். அதை என் முகத்துக்கு நேரே சிரித்துக்கொண்டு சொன்னான். யாரை வேண்டுமானாலும் மன்னிப்பேன், என் கட்டை வேகிற வரைக்கும் மொக்கைச்சாமியை மன்னிக்கமாட்டேன்.